வாருங்கள் என்று ஒரு பலகை, வராதே என்று ஒரு பலகை: பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

ரொட்டிவண்டிக்காரர் (ராமநாதபுரம்) கேட்கிறார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பதினாறு வருடங்களாக ராமநாதபுரத்தில் ஒரு பேக்கரியின் ரொட்டி வண்டியை ஓட்டுகிறேன். விடியற்காலை நான்கு மணிக்குத் தட்டுகளை ஏற்றிவிடுவேன். திங்கள், புதன், வெள்ளி தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி. செவ்வாய், வியாழன் வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி. சனிக்கிழமை மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். இந்தக் கடற்கரையில் நான் வாசிக்காத பலகை இருக்காது. வண்டியில் வானொலி பழுதாகி நான்கு வருடம் ஆகிறது. அன்று முதல் பலகைகள்தான் எனக்குப் பேச்சுத்துணை.

அவற்றில் ஒன்றை ஒன்று மறுக்கிற பலகைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. உப்பளப் பக்கம் ஒரு ஊரில் அம்புக்குறி போட்டு 'நல்ல தண்ணீர்' என்று எழுதியிருக்கும். அம்பின் வழியே போனால் ஒரு கிணறு. கிணற்றுச் சுவரில் 'இந்த நீர் குடிக்க உகந்ததல்ல'. தண்ணீர் கிடைக்காத நம் மாவட்டத்தில் இதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, வாசித்தபின் சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு தங்கும் விடுதியில் '24 மணி நேரமும் திறந்திருக்கும்' என்று சிவப்பில் ஒரு வரி. அதற்குக் கீழே 'இரவு 10 மணிக்கு மேல் மணியை அடிக்காதீர்'. வடக்குச் சாலையில் 'தொண்டி 14' என்று ஒரு கல். மூன்று கிலோமீட்டர் ஓட்டிய பிறகு 'தொண்டி 15' என்று இன்னொன்று. அந்த மூன்று கிலோமீட்டரும் நான் பின்னோக்கித்தான் ஓட்டியிருக்க வேண்டும்! ஒரு பேருந்து நிறுத்தத்தில் கூரையின் மேல் ஊர்ப்பெயர், தூணில் 'இங்கே பேருந்து நிற்காது'. இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டுப் பேர் பையோடு நிற்பார்கள். பேருந்து நிற்கும்; அதுதான் அழகு. எந்தப் பலகையை நம்புவது என்று அந்த ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீன் கடை. வாசலில் 'இன்று மீன் இல்லை' என்று தொங்கும். பலகைக்கு அடியிலேயே சீலா, ஊளி, நகரை எல்லாம் பளபளவென்று கிடக்கும். ஒரு நாள் இறங்கிக் கேட்டேவிட்டேன். அந்த அம்மா பலகையைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கம் அன்றைய விலை எழுதியிருந்தது. "விலை எனக்குத் தெரிய வேண்டும் தம்பி, மீன் இருப்பது உங்களுக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறதே" என்றார்கள்.

நான் எங்கள் சபையில் ஒன்பது வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். போன மாதம் இந்த நோட்டைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. 'மனிதன் எழுதுகிற பலகை மாறும், கர்த்தருடைய வசனமோ மாறாது' என்று முடிக்கலாம் என்பது என் திட்டம். அதற்குள் ஆறாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கையைத் தூக்கினான். "ஐயா, வசனத்திலும் அப்படி இருக்கிறதே" என்றான். நீதிமொழிகள் 26-ஐத் திறந்து வாசித்தான். மூடனுக்கு மறுமொழி கொடாதே, கொடுத்தால் நீயும் அவனைப் போல ஆவாய் என்கிறது நான்காம் வசனம். மூடனுக்கு மறுமொழி கொடு, கொடாவிட்டால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான் என்கிறது ஐந்தாம் வசனம். ஒன்றின்கீழ் ஒன்றாக, அந்த விடுதிப் பலகையைப் போலவே இருந்தன.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். இப்போது நான்கு வாரம் ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதாமல் விட்டால் நான் பாதிதான் கேட்டவனாவேன். எங்கள் ஆலயத்தின் வாசல் வளைவில் 'வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்' என்று எழுதியிருக்கிறது. மத்தேயு 11:28. அதற்குக் கீழே இரும்புக் கேட்டில் ஒரு தகரம்: 'அந்நியர் உள்ளே நுழையக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்'. இதையும் பிள்ளைகளில் ஒருத்திதான் சொன்னாள். நான் எழுதிய நாற்பதில் இது இல்லை. ஒன்பது வருடமாக அந்த வாசல் வழியாகத்தான் போகிறேன்.

இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாம்பன் ஓய்வூதியர் எழுதுகிறார்:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். நான் வேதபாடம் படித்தவன் அல்லன். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாம்பன் பழைய ரயில் பாலத்தை நீங்கள் சனிக்கிழமைதோறும் பார்த்திருப்பீர்கள். 1914-இல் திறந்தது. நடுவில் ஷெர்சர் வகைத் தூக்குப் பகுதி, இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும். அதில் ரயில் ஓடிய காலத்தில் ஆட்கள் நின்று கையால் நெம்பிச் சுற்றித்தான் திறப்பார்கள். அது திறந்திருக்கும் நேரத்தில் கப்பலுக்கு 'வா' என்று பொருள், ரயிலுக்கு 'நில்' என்று பொருள். மூடியிருக்கும்போது ரயிலுக்கு 'வா', கப்பலுக்கு 'நில்'. ஒரே பாலம், ஒரே நிமிடம், இரண்டு சொல். இரண்டும் உண்மை. இதில் எதையாவது ஒன்றை 'பொய்' என்று யாராவது அழித்திருந்தால் அன்றே ஆள் செத்திருப்பார்கள். இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி முழுதாகச் செங்குத்தாக மேலே போகிறது, இயந்திரம் தூக்குகிறது. விதி மட்டும் பழைய விதிதான்.

இன்னொன்று. பழைய பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்பாகிவிடும். ரயிலில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். தண்டவாளம் காலியாகக் கிடக்கும், வானம் வெளுத்திருக்கும், எதிரே ஒன்றுமில்லை. ஏன் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கோபப்படுவார். கண்ணுக்குத் தெரிகிற பாதை 'போ' என்கிறது, விளக்கு 'போகாதே' என்கிறது. விளக்கு பார்ப்பது காற்றை. அது கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே அந்தப் பையனிடம் கேளுங்கள்: நான்காம் வசனம் எந்த வண்டிக்கு, ஐந்தாம் வசனம் எந்த வண்டிக்கு? ஒருவன் உன்னைச் சண்டைக்கு இழுத்து, உன்னையும் தன் சேற்றில் இறக்கப் பார்க்கிறான் என்றால் அங்கே வாய் திறக்காதே. ஒருவன் தவறான ஒன்றை உரக்கச் சொல்லி, கேட்கிற சின்னப் பிள்ளைகள் அதை நம்பப் போகிறார்கள் என்றால் அங்கே வாய் மூடாதே. இரண்டு வசனத்திலும் 'கொடுத்தால் இது ஆகும்', 'கொடாவிட்டால் இது ஆகும்' என்று காரணத்தைச் சேர்த்தே எழுதியிருக்கிறது, கவனித்தீர்களா? எந்த ஆபத்து பெரியது என்று பார்த்துக்கொள் என்கிறது.

நான் பயப்படுவது இரண்டு சிக்னலுக்கு அல்ல, சிக்னலே இல்லாததற்கு. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி இருட்டில் நின்றது என்றும், காத்திருந்து பார்த்துவிட்டு நீளமாக ஊதிக்கொண்டு புறப்பட்டது என்றும் நான் வேலையில் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். ஒரு பிள்ளை 'இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் மோதுகிறதே' என்று கேட்கிறான் என்றால் அவனுக்கு இரண்டு விளக்குகள் தெரிகின்றன. அதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள்.

கேட்டில் உள்ள தகரத்தைப் பற்றி எனக்கு ஒரு விளக்கமும் தோன்றவில்லை. அங்கே வருகிறவரும் ஒருவர்தான், வாசலும் ஒன்றுதான்.


சத்திய வசனம் (பரமக்குடி) எழுதுகிறார்:

சகோதரரே, மீன் கடைப் பலகையையும் பரிசுத்த வேதத்தையும் ஒரே நோட்டில் வைத்துப் பேசுவது சரியில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டு வசனத்தைத் திறந்தால் வசனத்தையும் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தப் பையனின் கேள்விக்கு விடை ஒரு அதிகாரம் முன்னால் இருக்கிறது: ஏற்ற சமயத்தில் சொன்ன வார்த்தை வெள்ளித்தட்டில் வைத்த பொற்பழம் என்று நீதிமொழிகள் 25:11 சொல்கிறது. சமயம்தான் முக்கியம். முழு அதிகாரத்தையும் வாசிக்காமல் இரண்டு வசனத்தை மட்டும் பிய்த்து எடுப்பதால் வரும் குழப்பம் இது. முதலில் 25-ஐயும் 26-ஐயும் சேர்த்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள்.

தகரத்தைக் கழற்றுங்கள்.


தங்கச்சிமடம் மகள் எழுதுகிறார்:

அண்ணன், வணக்கம். நாங்கள் கத்தோலிக்கர். ஆனாலும் பலகைக்கும் கடலுக்கும் சபை வேறுபாடு கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். எங்கள் ஊரில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்கிற எண் பாம்பன் துறைமுகத்தில் ஏறுகிற கூண்டின் எண்தான். ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வரும். வெளியே வந்து பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் 'புயலாம், கூண்டாம்' என்று சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். ஒன்றாம் எண் சொல்வது இங்கே காற்று அடிக்கிறது என்று அல்ல. தொலைவில் ஒன்று உருவாகியிருக்கிறது, அதை நினைவில் வைத்துக்கொள் என்பதுதான். மூன்றாம் எண் ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரிய அபாயம். பதினொன்று என்று ஒன்று இருக்கிறது: எச்சரிக்கை தருகிற அலுவலகத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது என்று பொருள். சிக்னல் இல்லாததுதான் பயம் என்று மேலே பாம்பன் ஐயா எழுதியதை வாசித்தபோது எனக்கு அந்தப் பதினொன்றுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மாணவனுக்கு நான் மத்தேயு 16-ஐக் காட்டுவேன். அங்கே இயேசுவே பேசுகிறார். சாயங்காலம் வானம் சிவந்தால் நல்ல வானிலை என்கிறீர்கள், காலையில் அதே வானம் சிவந்து மந்தாரமாக இருந்தால் காற்றும் மழையும் என்கிறீர்கள் என்கிறார். ஒரே சிவப்பு, இரண்டு சேதி! அவர் அதைக் குறை சொல்லவில்லை. வானத்தின் முகத்தை வாசிக்கத் தெரிந்த உங்களுக்குக் காலத்தின் அடையாளத்தை வாசிக்கத் தெரியவில்லையே என்றுதான் வருந்துகிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வலை இழுத்த கைகளும் இருந்திருக்கும். அவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் 'அது அவர்கள் ஊர் வானம்' என்பார். அங்கே மழை மேற்கே கடலிலிருந்து வருகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிறது. அப்பா சாயங்காலச் சிவப்பை அவ்வளவாக நம்ப மாட்டார், இரவில் கிழக்கே மின்னுகிறதா என்றுதான் பார்ப்பார். வசனத்தை மறுக்கிறார் என்று சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது யோசித்தால், வசனம் கேட்டதை அப்படியே செய்தவர் அவர்தான். நீ நிற்கிற இடத்தில் நின்று, உன் வானத்தைப் பார் என்பதுதானே அது.

அரிச்சல்முனையில் வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். பெண் கடல் சாது, ஆண் கடல் முரடு என்பார்கள். ஆனி, ஆடியில் வந்து பார்த்தால் அது உண்மைதான். வாடைக்காற்று பிடித்த பிறகு வந்து பாருங்கள், சாதுவான கடல் ஆள் உயரத்துக்கு எழும்பும், முரட்டுக் கடல் தூங்கும். பெயர் மாறாது, குணம் மாறிவிடும்.

இப்போது உங்கள் வாசல். ஜூலை மாதம் வேர்க்காட்டுப் புனித சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு வாருங்கள் அண்ணன். இந்துக்கள் வருவார்கள், இஸ்லாமியர் வருவார்கள், மணலில் உட்காருவார்கள், யாரும் யாரையும் 'நீ யார்' என்று கேட்க மாட்டார்கள். நாங்கள் உயர்ந்தவர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் பங்கிலும் பூட்டு உண்டு, சண்டை உண்டு. ஆனால் 'அந்நியர்' என்ற சொல்லை நான் எந்தக் கோயில் வாசலிலும் வாசித்ததில்லை. வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.


பலகை எழுதுபவர் (கீழக்கரை) எழுதுகிறார்:

ஐயா, முப்பத்தொரு வருடமாகச் சுவரிலும் தகரத்திலும் எழுதுகிறேன். நீங்கள் நோட்டில் எழுதி வைத்த நாற்பதில் இரண்டு மூன்று என் கையெழுத்தாகவே இருக்கலாம். அதனால் முரண் எப்படி உண்டாகிறது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பலகை எழுதக் காசு கொடுப்பார்கள். பலகையை அழிக்க யாரும் காசு கொடுப்பதில்லை. எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. முதலாளி ஒருவர் 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று எழுதச் சொல்வார். ஏழு வருடம் கழித்து அவர் மகன் வந்து மணி அடிக்காதீர் என்று எழுதச் சொல்வார். "மேலே இருப்பதை அழித்துவிடட்டுமா?" என்று கேட்பேன். "அது இருக்கட்டும், நன்றாகத்தானே இருக்கிறது" என்பார். உப்பளத்துக் கிணறும் அப்படித்தான் இருக்க வேண்டும். அம்பு போட்ட காலத்தில் அது நல்ல தண்ணீர்தான். பிறகு உவர்ப்பு ஏறியிருக்கும். கிணற்றில் எழுதியவர் கிணற்றுக்கு வந்தார், அம்புக்குப் போகவில்லை. தொண்டிக் கல்லும் பொய் சொல்லவில்லை ஐயா. பழைய கல் ஊருக்குள் நுழைகிற பாதையை அளக்கும், புதிய கல் புறவழியை அளக்கும். இரண்டும் வேறு வேறு நாளில் வேறு வேறு ஆள் நட்டது.

சாலையில் நிற்கிற முரண்கள் பெரும்பாலும் இப்படி, முதல் வரியை வாசிக்காமல் இரண்டாம் வரியை எழுதியதால் வந்தவை. நான் முஸ்லிம், உங்கள் வேதத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. ஆனால் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று தெரிகிறது. நீங்கள் சொன்ன அந்த இரண்டு வரிகளையும் யாரோ ஒருவர் அடுத்தடுத்த வரியாக வைத்திருக்கிறார். தூரத்தில் இருந்தால் கவனக்குறைவு என்று சொல்லலாம். ஒட்டி வைத்திருக்கிறார் என்றால் தெரிந்தே வைத்திருக்கிறார். வாசிக்கிறவன் நின்று யோசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். நானும் சில சமயம் எழுத்தைச் சாய்த்து எழுதுவேன், கண் நிற்பதற்காக.

உங்கள் கேட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வளைவு எத்தனை அடி உயரம்? வெள்ளையில் நீலமா, நீலத்தில் வெள்ளையா? பொதுவாக வளைவு எழுத்து ஐந்தாறு வருடத்தில் உப்புக்காற்றில் வெளிறிவிடும். கேட்டுத் தகரம் கண் உயரத்தில் இருக்கும், சிவப்பு எனாமல், மழையில் கழுவினாலும் பளிச்சென்று இருக்கும். ஆகவே உங்கள் வாசலில் உண்மையில் இரண்டு பலகை இல்லை. வருகிறவர் வாசிப்பது ஒன்றைத்தான்.

நான் வாடிக்கையாளரிடம் சொல்வது ஒன்று உண்டு. என்ன நடக்கக் கூடாது என்பதை எழுதுங்கள், யார் வரக் கூடாது என்பதை எழுதாதீர்கள். 'அந்நியர்' என்று எழுதினால் திருடன் தன்னை நினைக்க மாட்டான், நல்லவர்தான் தன்னை நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார். உங்கள் பெரியவர்கள் எதற்குப் பயந்து அதை வைத்தார்களோ அதைக் கேட்டுச் சொல்லுங்கள். அழிக்க நான் காசு வாங்க மாட்டேன்.


ரொட்டிவண்டிக்காரர் மீண்டும் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. பாம்பன் ஐயா, பரமக்குடி சகோதரர், தங்கச்சி, பாய் அவர்களே, உங்கள் பதில்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன்.

முதலில் 25, 26 இரண்டு அதிகாரங்களையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். பிறகு சாக்குக்கட்டியால் தரையில் பாம்பன் பாலத்தை வரைந்தேன். நான்கு பிள்ளைகள் கப்பல், ஐந்து பிள்ளைகள் ரயில். கேள்வி கேட்ட பையனைப் பாலமாக நிற்க வைத்தேன். கையைத் தூக்கினால் கப்பல் போகும், கையைத் தாழ்த்தினால் ரயில் போகும். மூன்று முறை விளையாடிய பிறகு அவனே நிறுத்தினான். "ஐயா, பாலத்துக்கு இரண்டும் தெரியும். ஆனால் கப்பலும் ரயிலும் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் விடுவது என்று எப்படித் தெரியும்?" என்றான். அந்த நேரத்தில் ஜெபம் செய்ய வேண்டும், பெரியவர்களைக் கேட்க வேண்டும், அப்படியும் சில சமயம் தவறாக விட்டுவிடுவோம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான். அவன் தலையாட்டினான். முழுதாக ஒப்புக்கொண்ட தலையாட்டல் அல்ல. அவன் திரும்பவும் கேட்பான், கேட்கட்டும்.

சகோதரரே, பிள்ளைகள் வசனத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மத்தேயு 16 வாசித்து முடித்த உடனே நான்கு பேர் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தார்கள்.

இப்போது வாசல். போன முறை நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் கார்த்திகையில், அடைமழை. இரவு ஏழு மணிக்கு மேல். ஆலயத்துக்கு எதிரே மூடியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒரு அம்மாவும் இருபது வயது மதிக்கத்தக்க அவர் மகனும் நனைந்துகொண்டு நின்றார்கள். தாழ்வாரம் ஒரு முழம்தான் இருக்கும். மகன் கையில் ஒரு துணி கட்டி, அதன் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றியிருந்தார்கள். மனநிலை சரியில்லாதவன் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்கள், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆலயத்தின் முன்மண்டபம் பத்தடி தூரத்தில், நனையாமல், விளக்கு எரிந்துகொண்டு காலியாகக் கிடக்கிறது. கேட்டு பூட்டக்கூட இல்லை. "அங்கே போய் நின்றிருக்கலாமே அம்மா" என்றேன். அவர்கள் அந்தத் தகரத்தைக் கைகாட்டினார்கள். "வரக் கூடாது என்று போட்டிருக்கிறதே ஐயா" என்றார்கள்.

அவர்களைக் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார வைத்து ஏர்வாடியில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் அந்தப் பையன் ரொட்டி வாசனையை முகர்ந்துகொண்டே வந்தான். கடையில் திரும்பி வந்த இரண்டு பன்களைக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றான், ஒன்றை அம்மாவின் முந்தானையில் முடிந்து வைத்தான். அன்று நான் நல்ல காரியம் செய்தேன் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அந்தத் தகரத்தைப் பற்றி அடுத்த நாள் யாரிடமும் பேசவில்லை. ஒரு வருடம் கழித்து ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி அதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மேலே எழுதியிருந்த பாரஞ்சுமக்கிறவர் மணிக்கட்டில் துணி கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றார், நான் அவரை வண்டியில் ஏற்றி அங்கிருந்து அனுப்பிவிட்டேன்.

இதையெல்லாம் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று சொன்னேன். பேசும்போது குரல் உடைந்துவிட்டது. தகரம் வைத்த காரணத்தைப் பெரியவர் ஒருவர் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் காணிக்கைப் பெட்டியை உடைத்தார்களாம். இரவில் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிலர் குடிக்கிறார்களாம். அவர் பயம் நியாயமான பயம். மறுபடியும் பெட்டி உடைந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். பெட்டியை இனி இரவில் ஆயர் வீட்டில் வைப்பது என்றும், முன்மண்டபத்தை மட்டும் திறந்து வைப்பது என்றும் முடிவாயிற்று. எல்லாருக்கும் சம்மதம் இல்லை. இருவர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு ஞாயிறு பள்ளியில் வசனம் கற்றுக்கொடுத்தவர். அவர் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, இந்த வாரம் போக வேண்டும்.

பாய், நீங்கள் கேட்ட விவரம்: வளைவு பதின்மூன்று அடி. வெள்ளையில் நீலம். நீங்கள் சொன்னது சரி. 'எல்லாரும்' என்ற சொல்லில் 'எ' மட்டும்தான் கீழேயிருந்து தெரிகிறது. தகரத்தைக் கழற்றிவிட்டோம். அதே இடத்தில் 'வளாகத்தில் மது அருந்த வேண்டாம். இரவில் வாகனம் நிறுத்த வேண்டாம்' என்று சின்னதாக எழுதித் தர வேண்டும். அதற்கு முன்னால் மத்தேயு 11:28-ஐக் கண் உயரத்தில், கேட்டுக்கு இடது தூணில் எழுத வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், பெரியவர் அங்கே ஒரு விளக்குப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அழிப்பதற்கு வேண்டாம் என்றீர்கள், எழுதுவதற்குக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயல்குடியில் கடைசித் தட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பதினொரு மணி ஆகும். கீழக்கரையில் உங்களை ஏற்றிக்கொள்கிறேன். ஏணி எங்களிடம் இருக்கிறது.